நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடும் முறை: முதலில் எண், பிறகு ஊர், கடைசியில் குடும்பப் பெயர்

"எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். கொள்ளுத்தாத்தா மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தாராம். எங்கள் ஊர் எது?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கமிருந்து நம் ஊருக்கு வரும் விசாரிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கோவெண்டர் என்றால் கவுண்டர் என்று கேட்டவருக்குப் புரிந்துவிடும். உடனே கோயம்புத்தூர்ப் பக்கம் தெரிந்த குடும்பங்களிடம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார். என் முதல் தேடலில் நானும் அதையே செய்தேன். பல மாதம் போனது, ஒன்றும் கிடைக்கவில்லை.

கோளாறு வரிசையில் இருக்கிறது. கையில் முதலில் இருப்பது குடும்பப் பெயர் என்றாலும், அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். நடுவே ஓர் எண் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் அங்கே ஆளுக்கோர் எண் கொடுத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில். அந்த எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் அப்பா பெயரும் ஊரும் அதே வரியில் கிடைக்கும்.

அங்கிருந்து உறவு தேடும் ஒருவருக்கு இங்கே உதவுகிறவர்களுக்காகவும், "தாத்தாவோட அண்ணன் நேட்டாலுக்குப் போனவர் திரும்பி வரலை" என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, குடும்பக் காகிதங்களின் தெளிவான படங்கள், பழைய மாவட்ட எல்லைகள் தெரியும் ஒரு வரைபடம், இணைய வசதி. இவை போதும். வம்சாவளி வரையும் செயலிகளை முதலில் வாங்க வேண்டாம். அதில் ஒரு பெயரை ஏற்றிவிட்டால் அது நிரூபணமானது போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் காகிதத்தில் உள்ளது, வலப்பக்கம் வாய்வழி கேட்டது. இரண்டும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: அவர் கூலியாகப் போனாரா, சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்துப் போனாரா? வியாபாரத்துக்காகச் சொந்தச் செலவில் போனவர்களை அங்கே பயணி இந்தியர்கள் என்பார்கள். அவர்கள் கூலிப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். மொரிசியஸ் வழியாகப் போனவர் என்று குடும்பம் சொன்னால் தேடல் மொரிசியஸில், மோகா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் தொடங்க வேண்டும்.

2. இருப்பவர்களிடமிருந்து பின்னோக்கிப் போங்கள்

1860-ல் தொடங்கிக் கீழே இறங்கப் பார்ப்பவர்கள் தோற்றுப்போவார்கள். பட்டியலில் முனியன், முனிசாமி, குப்பன், மாரிமுத்து, லட்சுமி என்ற பெயர்கள் எண்ணி மாளாது. எந்த முனியன் நம்முடையவர் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. பேத்தியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து ஆயாவுக்கு என்று ஒவ்வொரு படியையும் ஒரு காகிதத்தால் கட்டிக்கொண்டே மேலே ஏறுங்கள்.

குடும்பத்தின் மூத்தவரிடம் பேசும்போது ஊரைக் கேட்காதீர்கள். "மெட்ராஸ்" என்பார்கள், ஏனென்றால் கப்பல் புறப்பட்ட இடம்தான் நினைவில் நின்றிருக்கும். அதற்குப் பதில் இவற்றைக் கேளுங்கள்: பாட்டியை எப்படிக் கூப்பிடுவீர்கள்? ஆயா என்றால் தமிழ் வீடு, அவ்வா என்றால் பெரும்பாலும் தெலுங்கு வீடு. வீட்டில் எந்தச் சாமிக்கு எந்த மாதத்தில் படையல்? தலைமுறைதோறும் திரும்ப வரும் பெயர் ஏதாவது உண்டா? கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார்?

பெண் வழியையும் விடாதீர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் பெண்களையும் ஏற்றிப்போனார்கள். அவர்களுக்கும் தனி எண், தனி அப்பா பெயர், தனி ஊர் உண்டு. ஆண் வழி அடைபட்ட இடத்தில் ஆயா வழி திறந்து, இருவரும் ஒரே ஊர் என்று தெரியவந்ததும் உண்டு.

3. எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்தியர் குடியேற்றப் பாதுகாவலர் என்று நேட்டாலில் ஓர் அதிகாரி இருந்தார். கூலிகளின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அவர் அலுவலகத்தில் பதிவாயின. அங்கே பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றில் அப்பா, அம்மா இருவரின் எண்களும் இருக்கும். திருமணச் சான்றிலும் அப்படித்தான். ஆகவே கப்பலேறியவரின் காகிதம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அவருடைய பிள்ளையின் சான்று போதும்.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் அடுத்தது இறந்தவரின் சொத்துக் கோப்பு. நிலமோ பணமோ விட்டுப்போனவருக்கு நீதிமன்றத்தில் ஒரு கோப்பு திறப்பார்கள். அதில் நெருங்கிய உறவினர் நிரப்பிய இறப்பு அறிவிப்பு இருக்கும்: பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தேடலில் பெயரைப் போட்டால் கோப்பு எண் கிடைக்கும், படம் கிடைக்காது. நேட்டாலின் பல பதிவுகளுக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் படமே உண்டு.

எண் கிடைத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். எண்கள் கப்பல் வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1866-ல் குடியேற்றம் நின்றபோது சுமார் 6,400 பேர் வந்திருந்தார்கள். 1874-ல்தான் மறுபடி தொடங்கியது. எண் 5,000-க்குள் இருந்து, குடும்பம் 1885 என்று சொன்னால் இரண்டில் ஒன்று தவறு.

என்னிடம் வந்த ஒரு சான்றைச் சொல்கிறேன். டர்பனில் இருக்கும் ஓர் அம்மா தன் ஆயாவின் பிறப்புச் சான்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். காகிதம் நாலாக மடித்து வைத்தது. மடிப்பு சரியாக அப்பாவின் எண் மேலே ஓடி, நடு இலக்கம் தேய்ந்துபோயிருந்தது. அவர் அதை 3 என்று படித்து, பீகாரிலிருந்து போன வேறொரு ஆளைத் தன் கொள்ளுத்தாத்தாவாக இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். 8 என்று வைத்துத் தேடியபோது வடாற்காடு வந்தது. இலக்கம் சந்தேகமாக இருந்தால் 3, 8, 1, 7 எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, அப்பா பெயரும் மனைவி எண்ணும் எதனுடன் பொருந்துகிறது என்று பாருங்கள்.

4. கப்பல் பட்டியலைப் படிப்பது

மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. கணினிப் பட்டியலில் தேடுங்கள், ஆனால் முடிந்தால் மூலப் பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதால் கேட்டு எழுதினார், அந்தக் கையெழுத்தை இன்னொருவர் பார்த்துத் தட்டச்சு செய்தார். இரண்டு இடத்திலும் பிழை நுழையும்.

ஒரு வரியில் இருப்பவை: எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பது. சிலருக்கு ஓரத்தில் இறந்ததோ ஊர் திரும்பியதோ குறித்திருக்கும். "வலது முழங்காலில் தழும்பு" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. குடும்பத்தில் யாரிடமும் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் படம் இல்லை. அந்தத் தழும்புதான் அவரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த முதல் உருவம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

வயதை நம்பாதீர்கள். பார்த்து மதிப்பிட்டு எழுதியது. 20, 25, 30 என்று வட்டமாக இருப்பதிலிருந்தே தெரியும். ஐந்து வருடம் இப்படியும் அப்படியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பக் கப்பல்களில் சாதிக் கட்டத்தில் "மலபார்" என்று இருந்தால் கேரளம் என்று முடிவு கட்டாதீர்கள். அன்றைய வெள்ளைக்காரர்கள் தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜெண்டு என்றும் எழுதினார்கள். இதனாலேயே கண்ணூர் வரை போய்த் தேடியவர்கள் உண்டு.

கப்பல் பெயர் மட்டும் போதாது. உம்சிண்டோ, உம்லாசி போன்ற கப்பல்கள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடின. பெயரோடு வந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யாரும் செய்யாத ஆனால் அதிகம் பலன் தரும் வேலை: உங்கள் எண்ணுக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து எண்களையும் எடுத்துப் படியுங்கள். சேர்ந்து கிளம்பியவர்கள் வரிசையில் சேர்ந்தே நின்றார்கள். அண்ணன், தம்பி, மனைவி, பக்கத்து ஊர்க்காரர் அங்கே இருப்பார்கள். நம் ஆளின் வரியில் ஊர்ப் பெயர் படிக்க முடியாமல் இருந்தாலும் பக்கத்து வரியில் அதே பெயர் தெளிவாக இருக்கலாம்.

5. அங்கே வாழ்ந்த வாழ்க்கையைக் கட்டுவது

முதல் ஒப்பந்தம் ஐந்து வருடம். வந்த தேதியோடு ஐந்தைக் கூட்டுங்கள். அந்த வருடத்தை ஒட்டி ஏதாவது ஒன்று நடந்திருக்கும்: மறு ஒப்பந்தம், வேறு ஊருக்கு மாறுதல், சொந்தமாகக் காய்கறித் தோட்டம், திருமணப் பதிவு. பத்து வருடம் முடித்தவருக்கு இலவசமாக ஊர் திரும்பும் உரிமை இருந்ததால் அந்த வருடத்தை ஒட்டியும் ஒருமுறை பாருங்கள்.

1895 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தமாகிப் போனவர் என்றால் கணக்கு மாறும். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே சுதந்திரமாக இருக்க வருடம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். 1903-ல் அதை 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்களுக்கும் நீட்டினார்கள். 1914-ல்தான் வரி ஒழிந்தது. இரண்டாம், மூன்றாம் ஒப்பந்தம் தெரிந்தால் "தாத்தாவுக்கு அந்தத் தோட்டம் பிடித்துப்போயிற்று" என்று எழுதிவிடாதீர்கள். வரி கட்ட முடியாததுதான் காரணமாக இருந்திருக்கலாம்.

முதலாளி பெயரிலிருந்து தோட்டம் இருந்த வட்டாரத்தைக் கண்டுபிடியுங்கள். டோங்காட், வெருலம், உம்சிண்டோ என்றால் கரும்பு. டண்டீ பக்கம் என்றால் நிலக்கரி. ரயில்வேயும் ஒரு பெரிய முதலாளி. பிறப்பும் இறப்பும் அந்த வட்டாரத்தில் பதிவாகியிருக்கும் என்பதால் இது முக்கியம். பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளில் கூலிகள் கொடுத்த புகார்களும் இருக்கின்றன. அவர் வாயால் சொன்ன வார்த்தை, மொழிபெயர்ப்பிலாவது, அங்கே மட்டும்தான் கிடைக்கும். ஆவணக்காப்பகத் தேடலில் எண்ணை மட்டும் தட்டியும் பாருங்கள்.

கிறித்தவர் என்று பட்டியலில் இருந்தால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குப் போங்கள். பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்கள் இருக்கும், ஞானப் பெற்றோர் பல நேரம் ஊர்க்காரர்.

6. ஊரை இன்றைய வரைபடத்தில் வைப்பது

கட்டங்களைப் பெரியதிலிருந்து சிறியதாகப் படியுங்கள்: ஜில்லா, தாணா, பிறகுதான் கிராமம். தாணா என்றால் காவல் நிலைய எல்லை, ஆனால் சென்னைப் பட்டியல்களில் அங்கே பெரும்பாலும் தாலுகா பெயர்தான் இருக்கும். கிராமப் பெயரை முதலில் கூகுள் வரைபடத்தில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நல்லூர், புதூர், வல்லம் என்று எத்தனை ஊர் இருக்கின்றன!

டர்பன் அம்மாவின் பட்டியலில் கிராமம் சேத்துப்பட்டு. அவர் ஜில்லா கட்டத்தைக் கவனிக்கும் முன்பே சென்னைக்கு வந்து, சேத்துப்பட்டு ரயில் நிலையப் பெயர்ப் பலகை முன்னால் நின்று படம் எடுத்து, குடும்பத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார். ஆனால் ஜில்லா கட்டத்தில் வடாற்காடு, அடுத்த கட்டத்தில் போளூர். அவர் தேட வேண்டியது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குத் தெற்கே இருக்கும் சேத்துப்பட்டு. ஜில்லாவை முதலில் படித்திருந்தால் அந்தப் பயணமே வேறு திசையில் போயிருக்கும்.

ஜில்லாக்களும் அன்றிருந்தபடி இன்று இல்லை. வடாற்காட்டின் தலைநகர் அன்று சித்தூர். அதன் தெலுங்குப் பகுதிகள் 1911-ல் சித்தூர் மாவட்டமாயின, திருத்தணி 1960-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருவண்ணாமலை 19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காடு. பிறகு வடாற்காட்டோடு சேர்ந்து, 1989-ல் தனி மாவட்டமானது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துத் திருப்பத்தூர் அன்று சேலம் ஜில்லா. மதுரை ஜில்லாவில் இன்னொரு திருப்பத்தூர் இருந்தது, அது இன்று சிவகங்கை. செங்கல்பட்டு ஜில்லா என்றால் இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்றையும் பாருங்கள்.

"மெட்ராஸ்" என்றே ஊர் இருந்தால் சந்தேகப்படுங்கள். பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்து அங்கே ஆள் பிடிப்பவரிடம் சேர்ந்தவர் தங்கிய இடத்தைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து எண்கள் இங்கேயும் கைகொடுக்கும்.

7. இப்போது குடும்பப் பெயரை எடுங்கள்

கப்பல் பட்டியலில் குடும்பப் பெயர் என்ற கட்டமே கிடையாது. நம் ஊரில் அன்றும் இன்றும் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். குடும்பப் பெயர் அங்கே போனபின் பள்ளி, அலுவலகம், சட்டம் கேட்டதால் உருவானது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பெயர் முதன்முதலில் எந்தக் காகிதத்தில், யார் பெயரோடு வருகிறது என்பது. காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கினால் பதில் தெரியும்.

பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்திருக்கும்.

முதல் வழி, அப்பா பெயர் அப்படியே உறைந்துபோவது. மூன்சாமி, கூப்பூசாமி, பெருமாள், வீராசாமி, எல்லப்பன், சூப்ரமோனி போன்ற குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஓர் ஆளின் பெயர். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் பெயரின் கதை முடிந்தது. சாதியோ ஊரோ அதில் இல்லை. அண்ணனுக்குத் தாத்தா பெயரும் தம்பிக்கு அப்பா பெயரும் குடும்பப் பெயராகி, இரண்டு கிளைகள் தனித்தனிக் குடும்பம்போல் ஆனதும் உண்டு. அதனால் வேறு குடும்பப் பெயர் என்று பார்த்து யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, பட்டம். நைடூ நாயுடு, மூட்லி முதலி அல்லது முதலியார், கோவெண்டர் கவுண்டர், பில்லே பிள்ளை, நைக்கர் நாயக்கர், படையாச்சி படையாட்சி. இங்கேதான் இங்கிருக்கும் நாமே அவசரப்பட்டு வழி தவறச் சொல்லிவிடுகிறோம். கவுண்டர் என்றால் கொங்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் வடாற்காட்டிலும் சேலத்திலும் வன்னியர்களுக்கும் கவுண்டர் பட்டம் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் அவர்களே நாயக்கர், தென்னாற்காட்டில் படையாட்சி. முதலியார் என்பது தொண்டைமண்டல வேளாளருக்கும், நெசவு செய்யும் செங்குந்தருக்கும், வடாற்காட்டு அகமுடையாருக்கும் பொது. ஆக, பட்டத்தை மட்டும் வைத்துச் சாதியும் சொல்ல முடியாது, ஊரும் சொல்ல முடியாது. ஜில்லாவைப் பக்கத்தில் வைத்தால்தான் பட்டம் பேசும். என் முதல் தேடலில் கோயம்புத்தூரில் இல்லாமல்போன கவுண்டர் பிறகு கிடைத்தது வடாற்காட்டில்தான்.

பட்டியலில் உள்ள சாதியும் இன்றைய குடும்பப் பெயரும் பொருந்தாமலும் போகும். எழுத்தர் தவறாக எழுதியிருக்கலாம், கப்பலேறும்போது அவரே மாற்றிச் சொல்லியிருக்கலாம், புது நாட்டில் புதுப் பட்டத்தைப் பிள்ளைகள் எடுத்திருக்கலாம். உதவி செய்பவர் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "நீங்க அவங்க இல்லை, இவங்க" என்று ஒருவரிடம் போனில் சொல்லாதீர்கள். பட்டியலின் படத்தைக் கொடுங்கள், என்ன எழுதியிருக்கிறது, அது எப்படி எழுதப்பட்டது என்று விளக்குங்கள். அதை என்ன செய்வது என்பது அவர்கள் உரிமை. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஒருவர் கடல் தாண்டியதும் தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்தார் என்றால், அந்தத் தேர்வும் அவருடைய வாழ்க்கை வரலாறுதான். அதைத் திருத்த நமக்கு வேலை இல்லை.

8. ஊருக்குப் போவது

கிராம நிர்வாக அலுவலகத்தில் 1880-ன் பிறப்புப் பதிவு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நிலப் பதிவேட்டில் பெயர் வரப் பட்டா இருந்திருக்க வேண்டும். கூலியாகப் போனவர்களில் நிலமில்லாதவர்கள் ஏராளம். இங்கே காகிதத்தை விட உறுதியாக நிற்பது குலதெய்வம். பங்காளிகள் எங்கே சிதறினாலும் பொங்கல் வைக்க ஒரே கோயிலுக்கு வருவார்கள். அந்தக் கோயில் பூசாரிக்கு எந்த வகையறா எந்த ஊர் என்று தெரியும்.

டர்பன் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவருக்கு வாழ்முனி என்று பெயர் வைத்திருந்தார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பச்சையம்மன் கோயில்களில் அம்மனுக்குக் காவலாகப் பெரிய சுதைச் சிலைகளாக உட்கார்ந்திருக்கும் முனிகளில் வாழ்முனி ஒருவர். ஆகவே சேத்துப்பட்டைச் சுற்றிப் பச்சையம்மனைக் கும்பிடும் குடும்பங்களை மட்டும் விசாரித்தோம்.

போனதும் முதல் வார்த்தையாக, நிலம் கேட்டோ பங்கு கேட்டோ வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வம்சாவளி கேட்டு ஒருவர் வந்தால் ஊரில் அந்தப் பயம் நியாயமாகவே வரும். அது போகாதவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்பா பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். "உங்க வகையறாவுல அந்தக் காலத்துல கப்பலேறிப் போனவங்க யாராவது உண்டாங்க ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். "குப்பன் மகன் முனியன்தானே?" என்று கேட்டால், வந்தவர் மனம் நோகக்கூடாதே என்று பெரியவர்கள் ஆமாம் சொல்லிவிடுவார்கள். ஒரே நாளில் மூன்று வீட்டில் ஆமாம் வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் ஒரு தாளில் எழுதி, குடும்பத்துக்கும் ஊருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். அந்த அம்மாவின் தாளில் எண், கப்பல், அப்பா பெயர், ஊர் நான்குக்கும் நேரே "காகிதத்தில் உள்ளது" என்று எழுதினோம். கோயிலுக்கு நேரே "பொருந்துகிறது". அவரைச் சாப்பிட உட்கார வைத்த வீட்டுக்காரர்கள் பங்காளிகளா என்ற வரிக்கு நேரே "தெரியவில்லை". அவர் அந்த வீட்டுக்கு இப்போதும் பொங்கலுக்குப் போன் செய்கிறார்.